வாய்க்கால் கரையில் ஒரு வீடு இருந்தது

என் அம்மா அந்த வீட்டை எழுத மறக்கவில்லை. மறந்ததாக அவளை நம்பவைத்தவன் நான். அதை நம்பிக்கொண்டே அவள் செத்துப்போனாள்.

இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளினால் எழுத மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. தஞ்சாவூரில் நில அளவை அலுவலகத்தில் வரைவாளனாக இருக்கிறேன். ஐம்பத்தொரு வயது. பதினாறு வயதிலிருந்து நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். எழுந்த நேரம், பெய்த மழை, வந்த கடிதம், அம்மாவுக்குக் கொடுத்த மாத்திரை... எல்லாம் இருக்கும். முப்பத்தைந்து நோட்டுகள் அலமாரியில் ஆண்டு வரிசைப்படி நிற்கின்றன. ஒன்றில்கூட இது இல்லை.

அம்மாவின் பெயர் தனபாக்கியம். வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டித் தண்ணீர் பாயும் நான்கு ஊர்களுக்கு அவள்தான் அரசாங்கச் செவிலி. எல்லோருக்கும் நர்ஸம்மா. நாங்கள் இருந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே பண்ணை வீட்டின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

அம்மா நடவு நட்ட குடும்பத்தில் பிறந்தவள். விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்து, தஞ்சாவூரில் பயிற்சி முடித்து, வெள்ளைப் புடவை கட்டினாள். எனக்கு மூன்று வயதாகும்போது அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதன்பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள்.

பிரசவம் பார்த்துவிட்டு வந்தால் வாய்க்காலில் முழுகி எழுந்து, ஈரப் புடவையைப் பிழிந்துவிட்டுத்தான் என்னைத் தொடுவாள். எனக்கு டைபாய்டு வந்தபோது மணிக்கு ஒரு தரம் காய்ச்சல் பார்த்துச் சுவரில் கரியால் எழுதினாள். படிக்க முடியாமல் கிடந்த என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பூகோளப் பாடத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். என் பள்ளிக்கூடம் மாற வேண்டியிருக்குமாம். அவ்வளவுதான் காரணம்.

அவளுக்கு எழுத்துதான் சரியாக வராது. கோணல் எழுத்து. ஒருமுறை மருத்துவர் எல்லோர் முன்னாலும், "என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி" என்று ஏட்டைத் தள்ளிவிட்டாராம். அன்று வீட்டுக்கு வந்து என் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரத்திலிருந்து அவளுடைய பதிவேடுகளை நான் எழுதினேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

முறை இதுதான். வீடுவீடாகப் போகும்போது அவள் மடியில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பாள். யார் யார் இருக்கிறார்கள், யார் முழுகாமல் இருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு ஊசி போடவேண்டும் என்று அதில் கிறுக்கி வருவாள். அதைப் பார்த்து நான் பெரிய ஏட்டில் அழகாக எழுதுவேன். அவள் கையெழுத்துப் போடுவாள். சின்ன நோட்டு பின்கட்டு அடுப்புக்குப் போகும். பிரசவத் துணிகளை வேகவைக்கும் அடுப்பு அது.

வேறு செவிலியர் வீடுகளிலும் இது நடந்ததுதான். கணவனோ பிள்ளையோ எழுதுவார்கள். ஆனால் அரசாங்க ஏட்டில் வெளியாள் கை படக்கூடாது. தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. அதனால் அது எங்கள் இருவருக்குள் இருந்தது. "என் பிள்ளை எழுத்து அச்சு மாதிரி" என்று எல்லோரிடமும் சொல்வாள். எதில் எழுதுகிறான் என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

எனக்குப் பதினைந்து வயது. ஆனி மாதம். ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுப் பதிவேட்டை முழுதாகப் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். நான்கு ஊர், முந்நூற்றுச் சொச்சம் வீடு. சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து இருபது வீடுகூட எழுதியிருக்க மாட்டேன்... தெருவில் கூச்சல். வாய்க்காலுக்குப் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. காய்ந்த தரையை நனைத்துக்கொண்டு சருகும் நுரையுமாக வரும் தண்ணீருக்கு முன்னால் ஓடுவதற்கு வருடத்தில் ஒரு நாள்தான் கிடைக்கும்.

நான் சின்ன நோட்டை மூடினேன். போன வருடத்து ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அதிலிருந்த வீடுகளை அப்படியே எழுதினேன். ஒவ்வொருவர் வயதிலும் ஒன்று கூட்டினேன். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. பிறகு ஓடினேன்.

அம்மா திங்கட்கிழமை அந்த ஏட்டைப் புரட்டினாள். "முத்து மாதிரி இருக்கு தம்பி" என்றாள். படித்துப் பார்க்கவில்லை. ஏன் படிக்க வேண்டும்? எழுதியவன் அவள் பிள்ளை. கையெழுத்துப் போட்டாள்.

இதுவரை நடந்தது சோம்பேறித்தனம். இதை மட்டும் செய்திருந்தால் உங்களைத் தேடி வந்திருக்க மாட்டேன்.

அந்தக் காலம் எப்படியிருந்தது என்று உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். சென்னையில் ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு அறுவடைக்கும் கூலித் தகராறு. கூலிக்காரர் சங்கம் கொடி ஏற்றும். பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்குவார்கள். இரண்டு பக்கத்திலும் மண்டை உடையும். இரண்டு பக்கத்துக்கும் அம்மாதான் கட்டுப் போடுவாள். அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. விவசாயக் கூலிகள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம். சட்டம் குறித்த நாளில் அங்கே குடியிருந்ததை மட்டும் காட்ட வேண்டும்.

வாய்க்கால் கரையில், பண்ணை நிலத்தின் ஓரத்தில், பக்கிரிசாமியும் அவர் மனைவி அஞ்சம்மாளும் ஒரு கூரை போட்டிருந்தார்கள். தனி வீடு. பக்கத்தில் வேறு வீடு இல்லை. சட்டம் குறித்த நாளுக்கு ஏழெட்டு மாதம் முன்பே வந்துவிட்டார்கள். அவர்களுடைய பெண் குழந்தை அந்தக் கூரைக்குள்தான் பிறந்தது. பிரசவம் பார்த்தவள் அம்மா. குழந்தைக்கு அம்மாவின் பெயரையே வைத்தார்கள். தனபாக்கியம்.

அந்த மனைக்கு மனுப் போட்டார்கள். பண்ணை மறுத்தது. இவர்கள் பக்கத்து ஊர்க் களத்து மேட்டில் இருந்தவர்கள், சட்டம் வந்த பிறகு ஓடிவந்து இங்கே கூரை போட்டார்கள் என்றார்கள். ரேஷன் கார்டு இல்லை. ஓட்டுப் பட்டியலில் பெயர் இல்லை. கிராம அதிகாரியின் பிறப்பு ஏட்டிலும் அம்மாவின் பிரசவ ஏட்டிலும் இரண்டு ஊருக்கும் பொதுவான வருவாய்க் கிராமத்தின் பெயர் மட்டும் இருந்தது, எந்த மனை என்று இல்லை. அப்போது சங்கத்துக்காரர் சொன்னார்: "நர்ஸம்மா ஏட்டைக் கொண்டாங்க. வீடு வீடா எழுதியிருப்பாங்க. அது அரசாங்க ஏடு."

ஊராட்சிக் கட்டடத்தில் தாசில்தார் விசாரணை. பகல் பதினோரு மணி. கூட்டத்தோடு கூட்டமாகச் சன்னலுக்கு வெளியே நின்றேன். அம்மா ஏட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. நல்ல காரியம் செய்யப் போகிறவள் முகம்.

தாசில்தார் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"வாய்க்கால் கரையில வீடே இல்லையேம்மா இதுல."

"இருக்கும்ங்க ஐயா. நல்லாப் பாருங்க."

"நீங்களே பாருங்க."

அம்மா பார்த்தாள். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது அப்போதுதான். அதற்கு முந்தைய நொடி வரை எனக்கு உறைக்கவே இல்லை... நம்புவீர்களா? தண்ணீருக்கு முன்னால் ஓடிய அந்த நாளையும் இந்த மனையையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை.

"இது நீங்க எழுதினதுதானே?"

அம்மா ஏட்டிலிருந்து விரலை எடுத்தாள். "நான்தாங்க ஐயா எழுதினேன்."

பண்ணையின் காரியக்காரர் சிரித்தார். "நர்ஸம்மா ஏட்டுல கன்னுக்குட்டி பொறந்தாக்கூட இருக்கும்னு ஊரே சொல்லும். மனுஷங்க இருந்திருந்தா விட்ருப்பாங்களா ஐயா? அவங்க வாயாலயே கேளுங்க."

அஞ்சம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அக்கா, அந்தக் கூரைக்குள்ள வந்து நீங்கதானே இவள எடுத்தீங்க? சொல்லுங்கக்கா."

"ஆமாங்க ஐயா. நான்தான் பாத்தேன். அந்த எடத்துலதான் பாத்தேன்."

"வாய்ச்சொல்லு வேண்டாம்மா. ஆளுக்கொரு பக்கம் சாட்சி சொல்லித்தான் இங்க மண்டை ஒடையுது. எழுத்துல வேற ஏதாவது இருக்கா? இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க. அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது."

வெளியே வரும்போது ஒருத்தி எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்: "வெள்ளப் பொடவ கட்டினதும் பண்ணப் பக்கம் சாஞ்சிட்டா. நேத்து வரைக்கும் நம்மகூட நாத்துப் பறிச்ச வீட்டுப் பொண்ணு."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள். "தம்பி, சின்ன நோட்டு எங்கடா?"

என் தகரப் பெட்டியில் இருந்தது, பாடப் புத்தகங்களுக்கு அடியில். அடுப்பில் போட மறந்திருந்தேன். அதை எடுத்துக் கொடுத்திருக்கலாம். 'அம்மா, நான் பார்த்து எழுதவில்லை' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அடித்திருப்பாளா? என்னை அவள் அடித்ததே இல்லை.

"அடுப்புல போட்டுட்டேம்மா. முடிஞ்சத நீதானே போடச் சொல்வே."

"அதுல அஞ்சம்மா வீடு இருந்துச்சாடா?"

"இல்லம்மா. இருந்தா எழுதியிருக்க மாட்டேனா?"

இந்த வாக்கியத்தைத்தான் நான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். நான் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நாளும் இது என் வாயில் இருக்கிறது.

அம்மா பாயில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான்தான் விட்டுட்டேனா... எழுதின மாதிரியே இருக்கேடா" என்றாள். பிறகு, மெதுவாக, "இல்ல. நீ பாத்து எழுதுறவன். நான்தான் விட்டிருப்பேன்."

அன்று மாலை அவள் ஊசி போடப் போனபின் பெட்டியைத் திறந்து நோட்டைப் பார்த்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. 'வாய்க்கால் கரை. புது வீடு. பக்கிரிசாமி, அஞ்சம்மாள், பெண் குழந்தை ஒன்று.' பக்கத்தில் அவள் போன தேதி, சட்டம் குறித்த நாளுக்கு முந்தையது. புதிது என்பதற்காக அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். கோணல் எழுத்துதான். ஆனால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அந்த நான்கு நாள் அம்மா தேடினாள். மருந்துப் பெட்டியில், அரிசிப் பானைக்குப் பின்னால், பழைய சீட்டுகளுக்கு நடுவில் வேறு எங்காவது தான் எழுதி வைத்திருக்கிறோமா என்று தேடினாள். பின்கட்டு அடுப்பின் சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்தாள், எரியாத துண்டு ஏதாவது கிடக்குமா என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பாடம் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தேடுவதைப் பார்த்துக்கொண்டு...

வியாழக்கிழமை பகல், அவள் வெளியே போனதும், அதே அடுப்பில் நோட்டை எரித்தேன். பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்டேன். பன்னிரண்டாம் பக்கத்தைத் தனியாகப் போட்டேன். முழுதாக எரியும் வரை நின்றேன். அந்த வயதிலேயே நான் ஒழுங்கானவன்.

ஏன்? இத்தனை வருடம் எனக்கு நானே ஒரு பதில் வைத்திருந்தேன். ஏட்டை மகன் எழுதினான் என்று தெரிந்தால் அம்மாவின் வேலை போய்விடும், அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் நோட்டைக் கொடுக்க ஏட்டை யார் எழுதினார் என்று சொல்லவே வேண்டியதில்லை. 'செவிலியின் குறிப்பு இதோ, பெரிய ஏட்டில் ஏற்றும்போது விடுபட்டுவிட்டது' என்று அம்மா சொல்லியிருந்தால் போதும். இன்னொரு வழியும் இருந்தது. அந்த வருடம் இறந்துபோன ஒரு கிழவரை நான் ஏட்டில் ஒரு வயது கூட்டி உயிரோடு வைத்திருந்தேன். அந்த ஒரு வரியை யாராவது பார்த்திருந்தால் ஏடே பொய் என்று தெரிந்திருக்கும். அதுவும் எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

உண்மைக் காரணம் சின்னது. முத்து மாதிரி இருக்கிறது என்று சொன்னபோது அம்மா என்னைப் பார்த்த பார்வை. அது போய்விடக் கூடாது. அதற்காக ஒரு குடும்பத்தின் வீட்டைக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மா வெறுங்கையோடு போனாள். மனு தள்ளுபடி ஆயிற்று. அடுத்த வாரம் கூரையைப் பிரித்தார்கள். சங்கம் மேல்முறையீடு செய்யலாம் என்றது. பக்கிரிசாமிக்கு வெறுத்துவிட்டது. மூங்கிலையும் சட்டி பானையையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு, கோடியக்கரைப் பக்கம் உப்பளத்துக் கூலிக்குப் போனார்கள்.

கூலிக்காரர்கள் குடியிருந்த தெற்குத் தெருவின் பெண்கள் அதன்பிறகு அம்மாவை அழைக்கவில்லை. வலி எடுத்தவளை மாட்டு வண்டியில் வைத்து எங்கள் வாசல் வழியாகவே வலங்கைமானுக்குக் கொண்டுபோனார்கள். அம்மா பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். வண்டி நிற்காது. அவர்கள் மறுபடி கூப்பிட இரண்டு வருடம் ஆயிற்று.

அடுத்த வருடம் பதிவேடு எழுதும்போது அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஒவ்வொரு வீட்டையும் சத்தமாகச் சொன்னாள். நான் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அவளே சொன்னாள்: "உன்னச் சந்தேகப்படல தம்பி. எனக்கு என் மேலதான் நம்பிக்கை இல்ல."

ஒருமுறை உப்பளத்துக்குப் போய் அஞ்சம்மாளைப் பார்த்துவிட்டு வந்தாள். குழந்தைக்குப் பாவாடை சட்டை வாங்கிப் போயிருந்தாள். சாயங்காலம் அதே பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பாப்பாவ வேற பேர் சொல்லிக் கூப்புடுறாங்கடா" என்றாள்.

பணி ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், பேசினார்கள். அம்மாவையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "எல்லாரும் நல்லாப் பாத்துக்கிட்டீங்க. எத்தனையோ வீடு போனேன். ஒரு வீட்ட விட்டுட்டேன்" என்றாள். கூட்டத்துக்குப் புரியவில்லை. அடக்கத்தில் சொல்கிறாள் என்று கைதட்டினார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். நானும் தட்டினேன்.

பிறகு தஞ்சாவூரில் என்னோடு இருந்தாள். எழுபதுக்கு மேல் மறதி வந்தது. மூக்குக் கண்ணாடியை வைத்த இடம், சாப்பிட்டாளா இல்லையா என்பது... தேடிக் களைத்தபின் சிரித்துக்கொண்டு சொல்வாள்: "எனக்கு இது இப்ப வந்தது இல்ல தம்பி. அப்பவே இருந்திருக்கு. அஞ்சம்மா வீட்டயே விட்டவதானே நான்."

ஒவ்வொரு முறையும் அவள் எனக்குக் கதவைத் திறந்து வைத்தாள். ஒவ்வொரு முறையும் நான், "அதெல்லாம் பழசும்மா, விடு" என்றேன்.

கடைசி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாத்திரை நேரம், மூச்சு, காய்ச்சல் எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். ஏழாம் நாள் பகலில் நன்றாகப் பேசினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சம்மாவப் போய்ப் பாருடா. நான் மறந்துதான் போனேன், வேணும்னு செய்யலன்னு சொல்லு. அவ நம்பமாட்டா. இருந்தாலும் சொல்லு" என்றாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. சன்னலில் வெயில். அவளுக்குக் காது நன்றாகக் கேட்டது.

"சொல்றேம்மா" என்றேன்.

அம்மா இறந்து ஐந்து மாதம் கழித்துப் போனேன். வேதாரண்யம் வரை பஸ், பிறகு ஆட்டோ. உப்பளத்துக்குப் போகும் வழியில் சிமெண்ட் ஓடு போட்ட வீடு. அஞ்சம்மாள் இளைத்துப் போயிருந்தாள், காலில் உப்பு அரித்த தழும்புகள். பக்கிரிசாமி இறந்து பல வருடம் ஆகிறதாம். பெண்ணை நாகப்பட்டினத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"யாருங்க?"

"நான் நர்ஸம்மா மகன்."

வாசலை விட்டு ஒதுங்கினாள். "உள்ள வாங்க தம்பி. வெயில்ல நிக்காதீங்க."

அம்மா போய்விட்டதைச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதைப் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். 'அம்மா எழுதினாங்க. நான்தான் விட்டேன். நான்தான் எரிச்சேன்.' மூன்று சின்ன வாக்கியம்.

"அம்மா கடைசியா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க" என்று ஆரம்பித்தேன். "வேணும்னு விடலையாம். மறந்துதான் போயிட்டாங்களாம்."

என் வாய்தான் சொன்னது. இரண்டாம் முறை...

அஞ்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பவும் இங்க வந்து நின்னுக்கிட்டு இதத்தான் சொன்னாங்க. நான் நம்பல. பண்ணையில சொல்லிச் செஞ்சதுன்னு எங்க வீட்டுக்காரரு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நானும் திட்டித் தீத்தேன். சாகப்போற நேரத்துல ஒருத்தி பொய் சொல்லி அனுப்புவாளா தம்பி? மறந்துதான் இருப்பாங்க. நாலு ஊரு நடந்தவங்க. மனுஷிதானே."

நான் காலியான சொம்பைத் தரையில் வைத்தேன்.

"வீட்ல அவங்க படம் வச்சிருப்பீங்கல்ல? வெளக்கேத்தறப்ப சொல்லிடுங்க. அஞ்சம்மாவுக்கு மனசுல ஒண்ணும் இல்லன்னு. மறந்ததுக்குப் போயி யாரு கோவிச்சுக்குவா? சொல்லிடுங்க தம்பி, மறந்துடாதீங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தது கிடைத்துவிட்டது. அவள் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு. அதை என் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

தினமும் காலையில் குளித்துவிட்டு அம்மாவின் படத்துக்கு விளக்கேற்றுகிறேன். அஞ்சம்மாள் சொன்னதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால், 'நீ மறந்ததை அவள் மன்னித்துவிட்டாள்' என்று சொல்ல வேண்டும். அந்தப் பொய்யை அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லலாம் என்றால்... உயிரோடு இருந்தவளிடம் சொல்லாததைப் படத்திடம் சொல்லி என்ன?

இன்று காலையிலும் விளக்கேற்றினேன். திரியைத் தூண்டிவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.